ஸ்பேம் ஃபில்டர் சொதப்புதா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

"சார் ஸ்பேம் வந்துட்டே இருக்கு, உடனே சரி பண்ணுங்க." கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதுல சப்ஜெக்ட் பாதி தெரியும், அனுப்பினவர் பேரு தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. மெயில் சர்வர் சப்போர்ட்ல உக்காந்திருந்த காலத்துல எனக்கு வந்த டிக்கெட்ல முக்கால்வாசி இப்படித்தான். இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அதனால "ஹெட்டர் அனுப்புங்க"ன்னு பதில் போடுவோம் (ஹெட்டர்னா மெயில் எந்த வழியா வந்துச்சு, ஃபில்டர் என்ன சொல்லுச்சுன்னு மெயிலுக்குள்ள மறைஞ்சிருக்குற வரிகள்), அவரு கடுப்பாகி அந்த மெயிலை அப்படியே ஃபார்வேர்ட் பண்ணுவாரு, ஃபார்வேர்ட் பண்ணா பழைய ஹெட்டர் எல்லாம் போயிடும், மறுபடி நாங்க கேப்போம், இப்படியே மூணு நாள் ஓடிடும். ஸ்பேம் மட்டும் நிக்காம வந்துட்டிருக்கும்.

நான் எழுதுறது ஸ்பேம்அசாசினை வச்சு, சர்வர்லயே உக்காந்து ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போட்டு ஸ்பேமைப் புடிக்கிற ஃபில்டர் அது. 2001-லேர்ந்து இருக்குற சாமான், பெர்ல்ல எழுதினது, இப்போ அப்பாச்சி ப்ராஜெக்ட். நிறைய ஹோஸ்டிங்ல சி-பேனல் குடுப்பாங்க, அதுல "ஸ்பேம் ஃபில்டர்ஸ்"னு ஒரு ஐகான் இருக்கும்ல, அதுக்கு உள்ள ஓடுறதும் இதுதான். உங்ககிட்ட ஆர்ஸ்பேம்டிங்கற இன்னொரு ஃபில்டர் ஓடுதுன்னா மார்க் கணக்கு வேற, டீஃபால்ட்டா 6-க்கு ஹெட்டர் ஒட்டும், 15-க்கு வாசல்லயே திருப்பி அனுப்பிடும், ஆனா தேடுற முறை கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல ஒரிஜினலை எடுங்க

ஜிமெயில்ல மூணு புள்ளி மெனுவுல "அசலைக் காட்டு", தண்டர்பேர்டுல கன்ட்ரோல் யூ, அவுட்லுக்ல மெயிலைத் தனி விண்டோவுல திறந்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், அதுல கீழ "இன்டர்நெட் ஹெட்டர்ஸ்"னு ஒரு சின்னப் பெட்டி (இதை ஏன் இவ்ளோ சின்னதா வச்சாங்கன்னு எனக்கு இன்னும் புரியல). வெப்மெயில்னா "வியூ சோர்ஸ்" மாதிரி ஏதாவது இருக்கும். முடிஞ்சா முழுசா இஎம்எல் ஃபைலா சேவ் பண்ணிடுங்க, வேர்டுல பேஸ்ட் பண்ணி அனுப்பாதீங்க, வரி எல்லாம் கலைஞ்சுடும்.

அதுல எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்னு ஒரு வரி தேடுங்க. யெஸ்ஸா நோவா, எவ்ளோ மார்க், ஸ்பேம்னு சொல்ல எவ்ளோ வேணும், எந்தெந்த ரூல் மாட்டுச்சு, எந்த வெர்ஷன், எல்லாம் வரிசையா அதுலயே இருக்கும். ஸ்கூல் மார்க் ஷீட்டுக்கு நேர் எதிர், இங்க மார்க் கூடுனாத்தான் ஃபெயில், டீஃபால்ட்டா 5 வாங்குனா ஸ்பேம். இந்த ஒரு வரி கையில இருந்தா கீழ இருக்குறதுல உங்க பிரச்சினை எதுன்னு பெரும்பாலும் நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.

"அந்த வரியே இல்லையே"

அப்போ மெயில் ஃபில்டர் வழியா போகவே இல்லன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. மெயில் சர்வருக்கும் ஸ்பேம்அசாசினுக்கும் நடுவுல அமாவிஸ்னு ஒரு ப்ரோக்ராம் இருந்தா ஒரு சங்கதி இருக்கு, டீஃபால்ட்டா 2.0 மார்க்குக்கு கீழ வந்த மெயிலுக்கு அது ஹெட்டரே போடாது. அதே மாதிரி பெறுறவரோட டொமைன் அமாவிஸோட லோக்கல் டொமைன் லிஸ்ட்ல இல்லன்னாலும் போடாது, புதுசா ஒரு டொமைன் சேத்துட்டு அந்த லிஸ்ட்ல சேக்க மறந்துட்டா அந்த டொமைனுக்கு மட்டும் ஃபில்டர் செத்த மாதிரி தெரியும். ரிசீவ்டு வரிகள்ல லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 10024-ன்னு ஒண்ணு இருந்தா மெயில் அமாவிஸுக்குள்ள போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம், தேடுறது அந்தப் பக்கம்.

அமாவிஸ் இல்லாம நேரா ஸ்பேம்சி (மெயிலைக் கொண்டுபோய்க் குடுக்குறது), ஸ்பேம்டி (பின்னாடி ஓடிட்டே மெயிலைச் சோதிக்கிறது) வச்சு ஓட்டுறவங்களுக்கு வேற கதை. மெயில் 500 கேபி-க்கு மேல இருந்தா ஸ்பேம்சி அதைத் தொடாமலே திருப்பிக் குடுத்துடும். ஸ்பேம் அனுப்புறவனுக்கும் இது தெரியும், ஒரு பெரிய படத்தை ஒட்டி அனுப்புவான். டிக்கெட்ல மெயிலோட சைஸை எழுதச் சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, சில மெயிலுக்கு ஹெட்டர் இருக்கும், சிலதுக்கு இருக்காது, எந்த ஒழுங்கும் புரியாது. நேரத்தைப் பாருங்க. காலையில பத்து மணி மாதிரி கூட்டமான நேரத்துல மட்டும் காணாமப் போகுதா? ஸ்பேம்டி டீஃபால்ட்டா ஒரே சமயத்துல அஞ்சு சைல்ட் ப்ராசஸ்தான் ஓட்டும், அதாவது சோதிக்க அஞ்சு ஆளுதான், அஞ்சும் பிஸியா இருந்தா மெயில் வரிசையில நிக்கும், ரொம்ப நேரமானா ஸ்பேம்சி பொறுமை இழந்து "மெயில் தொலையுறதுக்கு ஒரு ஸ்பேம் உள்ள போனா பரவால்ல"ன்னு சோதிக்காமலே விட்டுடும். இது பிழை கிடையாது, வேணும்னே அப்படித்தான் வச்சிருக்காங்க, எனக்கும் அதுதான் சரின்னு படும். மெயில் லாக்ல மேக்ஸ் சில்ட்ரன் எல்லையைத் தொட்டாச்சுன்னு ப்ரீஃபோர்க் வரி வந்திருக்கும். அந்த எண்ணை ஏத்தலாம், ஆனா ஒவ்வொரு சைல்டும் மெமரி தின்னும், 1 ஜிபி மெமரி இருக்குற விபிஎஸ்-ல (வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்ல) ஏத்தினா அப்புறம் டேட்டாபேஸ் சாகும், அதுக்குத் தனியா ஒரு டிக்கெட் போடுவீங்க.

"நோ-ன்னுதான் இருக்கு, ஆனா ஜங்க்ல கிடக்கு"

சர்வர் ஃபில்டர் மேல தப்பே இல்ல. உங்க மெயில் ஆப்புக்குள்ளயே ஒரு ஜங்க் ஃபில்டர் இருக்கு, அவுட்லுக்குக்கும் உண்டு, தண்டர்பேர்டுக்கும் உண்டு, அது தன் இஷ்டத்துக்கு நகத்திடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கவுன்டன்ட் ஒரு மாசமா எங்களைத் திட்டிட்டிருந்தாரு, கொட்டேஷன் எல்லாம் ஜங்க்குக்குப் போகுதுன்னு. ஹெட்டரைப் பாத்தா மைனஸ்ல மார்க், சுத்தமான மெயில். அவரு ஆஃபீஸ்ல இருக்குற இன்னொரு கம்ப்யூட்டர்ல அதே அக்கவுன்ட் திறந்திருந்துச்சு, அதுல ஜங்க் செட்டிங்கை "ஹை"ல வச்சிருந்தாங்க, ஐமேப்ங்கறதால அங்க நகந்தா எல்லா இடத்துலயும் நகந்திடும். சோதிக்கிறது ஈஸி, எல்லா ஆப்பையும் மூடிட்டு, போனையும் சேத்துத்தான், வெப்மெயில்ல மட்டும் ஒரு நாள் இருங்க. ஜங்க்குக்குப் போறது நின்னுடுச்சுன்னா குற்றவாளி உங்க பக்கம்தான்.

"ஹெட்டர் இருக்கு, ஆனா அப்பட்டமான ஸ்பேமுக்கு 1.2 மார்க்"

இங்கதான் கொஞ்சம் உக்காந்து பாக்கணும்.

ரூல் லிஸ்ட்ல யூஆர்ஐபிஎல் பிளாக்டுன்னு ஒண்ணு இருக்கான்னு முதல்ல பாருங்க (யூஆர்ஐபிஎல்னா கெட்ட லிங்க்குகளோட பிளாக்லிஸ்ட்). அதோட மார்க் வெறும் 0.001, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் பாதி பிரச்சினைக்குக் காரணம் இதுதான். ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் வெளிய இருக்குற பிளாக்லிஸ்ட்டுகளை டிஎன்எஸ் (பேரைக் குடுத்தா ஐபியைச் சொல்ற இன்டர்நெட் டைரக்டரி) வழியா கேக்கும், "இந்த ஐபி கெட்டவனா, இந்த லிங்க் கெட்டதா"ன்னு. நீங்க 8.8.8.8, 1.1.1.1 மாதிரி பப்ளிக் டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடிக் குடுக்குற பொது சர்வரை) போட்டிருந்தா உங்க கேள்வி கோடிக்கணக்கான பேரோட கேள்வியோட கலந்துடும், இலவச எல்லை எப்பவோ தாண்டியிருக்கும், பிளாக்லிஸ்ட்காரன் பதில் சொல்ல மாட்டான். ஃபில்டர் ஓடும், லாக் சுத்தமா இருக்கும், ஆனா அதோட கண்ணை யாரோ பொத்தின மாதிரி.

உறுதி பண்ண ஒரு வழி: ஸ்பாம்ஹவுஸ்ங்கற பிளாக்லிஸ்ட்காரங்களோட ஜென் லிஸ்ட்ல 127.0.0.2-ங்கற ஐபி சோதனைக்குன்னே எப்பவும் இருக்கும். அந்த எண்களை பின்னாலேர்ந்து திருப்பிப் போட்டு (2.0.0.127), கூடவே லிஸ்ட்டோட டொமைனைச் சேத்து, டிஎன்எஸ்-ஐக் கேக்குற டிக் கமாண்ட்ல அந்த சர்வர்லேர்ந்தே கேளுங்க, உங்க லேப்டாப்லேர்ந்து கேட்டா பிரயோஜனம் இல்ல. 127.0.0-ல ஆரம்பிக்கிற பதில் வந்தா நல்லது. 127.255.255.254 வந்தா "பப்ளிக் ரிசால்வர் வழியா வர்ற, போ"ன்னு அர்த்தம். 127.255.255.255 வந்தா ரொம்ப அதிகமா கேட்டுட்டீங்க. மருந்து என்னன்னா, அன்பவுண்ட் மாதிரி ஒரு ரிசால்வரை அந்த சர்வர்லயே போட்டு, வேற யாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணாம, ஸ்பேம்அசாசினை அதைக் கேக்க வைக்கணும். அன்பவுண்டைப் போட்டுட்டு அதுக்குள்ளயும் 8.8.8.8-ஐ ஃபார்வேர்டரா குடுக்குறவங்க இருக்காங்க, சுத்தி வந்து அதே இடம். ஷேர்டு ஹோஸ்டிங்ல உங்களால இதெல்லாம் தொட முடியாது, ஆனா டிக்கெட்ல "எல்லா மெயில்லயும் யூஆர்ஐபிஎல் பிளாக்டு வருது, உங்க ரிசால்வரைப் பாருங்க"ன்னு ஒரு வரி எழுதினா அது நேரா சிஸ்டம் அட்மின்கிட்ட போகும், முதல் லெவல் ஆளு உங்ககிட்ட கேஷ் க்ளியர் பண்ணச் சொல்ல மாட்டாரு.

அடுத்தது, வெளிய இருந்து வந்த ஸ்பேம்ல ஆல் ட்ரஸ்டட்னு ரூல் மாட்டியிருந்தா, ஸ்பேம்அசாசின் வெளி ஆளை வீட்டு ஆளுன்னு நெனச்சு மைனஸ் மார்க் வேற குடுக்குது. ஃபயர்வால், நாட் (உள்ள இருக்குற ஐபிகளை ஒரு வெளி ஐபிக்குப் பின்னாடி மறைக்கிறது) பின்னாடி மெயில் சர்வர் இருக்குற ஆஃபீஸ்ல இது வரும். எந்த ஐபி எல்லாம் நம்ம ஆளுன்னு சொல்ற ட்ரஸ்டட் நெட்வொர்க்ஸ், இன்டர்னல் நெட்வொர்க்ஸ் செட்டிங் ரெண்டையும் கையால எழுதிடுங்க, அதுவா கண்டுபிடிக்கும்னு விடாதீங்க.

பேயஸ் பத்தி தனியா சொல்லணும், நாம காட்டுற மெயிலைப் பாத்து எது ஸ்பேம்னு கத்துக்கிற பகுதி அது. ரூல் லிஸ்ட்ல பேயஸ்னு எதுவுமே இல்லன்னா அது இன்னும் வேலையே ஆரம்பிக்கல, ஏன்னா 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் ரெண்டும் கத்துக்கிட்ட பிறகுதான் வாயைத் திறக்கும். ஸ்பேமை மட்டும் ரெண்டாயிரம் ஊட்டிட்டு நல்ல மெயிலே காட்டலன்னா அது பேசவே பேசாது. அப்பட்டமான ஸ்பேம்ல பேயஸ் 00, அதாவது இது ஸ்பேமே இல்லன்னு வந்தா வேற வியாதி, யாரோ அதுக்குத் தப்பா பாடம் எடுத்திருக்காங்க.

"கத்துக் குடுத்துட்டே இருக்கேன், ஒண்ணும் ஆகல"

இதுல நானே ரெண்டு வாரம் மண்டை காஞ்சிருக்கேன். தினம் சாயந்திரம் ஸ்பேம் ஃபோல்டரை எஸ்ஏ-லேர்ன்ல (பேயஸுக்குக் கத்துக் குடுக்குற கமாண்ட்) ஊட்டுவேன், "இத்தனை மெசேஜ் கத்துக்கிட்டேன்"னு பதிலும் வரும், மறுநாள் அதே ஸ்பேம் அதே மார்க்கோட இன்பாக்ஸ்ல. கடைசியில பாத்தா நான் ரூட்டா (சர்வரோட அட்மின் யூசர்) லாகின் பண்ணி ஊட்டிட்டிருந்தேன், ஃபில்டர் ஓடுறது அமாவிஸ் யூசரா. ரெண்டு பேருக்கும் வீடு வேற, பேயஸ் டேட்டாபேஸும் வேற. ரூட்டோட டேட்டாபேஸ் பெரிய அறிவாளியா ஆயிடுச்சு, அதை யாரும் எதுவும் கேக்கல.

எஸ்ஏ-லேர்னுக்கு டம்ப் மேஜிக்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எத்தனை ஸ்பேம் எத்தனை ஹேம் தெரியும்னு எண்ணிக்கை காட்டும். ஃபில்டர் எந்த யூசரா ஓடுதோ அந்த யூசரா அதை ஓட்டிப் பாருங்க, பூஜ்யம் வந்தா விஷயம் புரிஞ்சிடும். ஹேம்னா நல்ல மெயில், தின்றது இல்ல.

ஃபார்வேர்ட் பண்ண மெயிலை ஊட்டுறதும் இதே ரகம்தான். மெயில் எல்லாத்தையும் ஒரு முகவரிக்கு ஃபார்வேர்ட் பண்ணச் சொல்லி அதை ஸ்பேம்னு கத்துக் குடுக்குற ஆஃபீஸ் உண்டு. ஹெட்டர்ல இப்போ இருக்குறது உங்க ஊழியரோட பேரும் உங்க சர்வரும், அதனால ஃபில்டர் கத்துக்கிறது "எங்க ஊழியர் அனுப்புனா ஸ்பேம்"னு. ஐமேப்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுல இழுத்துப் போடச் சொல்லுங்க, மெயில் கலையாம இருக்கும்.

"நல்ல மெயிலைப் புடிக்குது"

எந்த ரூல் அதிக மார்க் குடுத்துச்சுன்னு பாருங்க, பதில் அதுலயே இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு வர்ற ஒண்ணைச் சொல்றேன். ஒரு இலக்கிய வட்டத்தோட மாசாந்திரத் தமிழ் மடல் ஒரு கம்பெனியில இருக்குற மெம்பருக்கு மட்டும் ஸ்பேம்ல விழுந்துட்டே இருந்துச்சு. ஹெட்டர்ல அன்வான்டட் லாங்குவேஜ் பாடின்னு ரூல். டெக்ஸ்ட்கேட்னு ஒரு ப்ளகின் இருக்கு, தானா ஓடாது, யாராவது ஆன் பண்ணணும், மெயில் எந்த பாஷைன்னு மோப்பம் புடிக்கும். அங்க யாரோ அதை ஆன் பண்ணி ஓகே லாங்குவேஜஸ்ல இங்கிலீஷ் மட்டும் போட்டு வச்சிருந்தாங்க, தமிழ்ல வந்தது எல்லாம் வேண்டாத மொழி. அந்த லிஸ்ட்ல தமிழுக்கு டி ஏ-ன்னு ரெண்டெழுத்து கோடு இருக்கு, அதைச் சேத்ததும் சரியாயிடுச்சு. பழைய ஸ்பேம்அசாசின் 3.4 வெர்ஷன் ஓட்டுறவங்க 4.0-க்கு மாறுனா நல்லது, 2022 டிசம்பர்ல வந்தது, இங்கிலீஷ் அல்லாத எழுத்துகளை அது எவ்ளோவோ ஒழுங்கா கையாளும்.

சில சமயம் ரூலே தப்பா இருக்கும். 2010 ஜனவரி 1 அன்னிக்கு உலகம் பூரா நல்ல மெயில் எல்லாம் ஸ்பேம்ல விழுந்துச்சு. தேதி ரொம்ப எதிர்காலத்துல இருந்தா சந்தேகப்படுன்னு ஒரு பழைய ரூல், அதுல 2010-லேர்ந்து 2099 வரைக்கும் எல்லாமே எதிர்காலம்னு எழுதியிருந்தாங்க. எழுதுன அன்னிக்கு 2010 தூரமா தெரிஞ்சிருக்கும் போல. நிறைய செட்டப்ல 3-க்கு மேல மார்க், 5 போதும்ங்கற இடத்துல அது ரொம்பப் பெருசு. வேடிக்கை என்னன்னா புது வெர்ஷனுக்கான கோட்ல அதை முன்னாடியே திருத்தியிருந்தாங்க, புழக்கத்துல இருந்த 3.2-க்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரல. இந்த மாதிரி ஒரே நாள்ல எல்லாருக்கும் ஒரே ரூல் மாட்டுனா டிக்கெட்ல ரூல் பேரையும் முதல்ல நடந்த தேதியையும் மட்டும் எழுதுங்க, அதுவே போதும்.

அவசரத்துக்கு அனுப்புனவரோட டொமைனையே வெல்கம்லிஸ்ட்ல (இவங்க மெயிலை விட்டுடுங்கற லிஸ்ட்) போட்டுடுவாங்க. போடாதீங்க. ஃப்ரம் முகவரியை யாரு வேணா போலியா போடலாம், உங்க சொந்த டொமைனைப் போட்டீங்கன்னா உங்க பேர்லயே உங்களுக்கு ஸ்பேம் வரும், அதுவும் மைனஸ் 100 மார்க்கோட. மெயில் நிஜமாவே அந்த டொமைன்லேர்ந்துதான் வந்துச்சான்னு சோதிக்கிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் பாஸ் ஆனா மட்டும் விடுற வெல்கம்லிஸ்ட் ஆத்துன்னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"

ஸ்பேம்அசாசினோட செட்டிங் இருக்குற லோக்கல் டாட் சிஎஃப் ஃபைலை யாராவது தொட்டாங்களா? ஸ்பேம்அசாசினை லின்ட் ஆப்ஷனோட ஓட்டுங்க, தப்பு இருந்தா வரி சொல்லும், ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்தா நல்ல செய்தி. ஃபைலை மாத்திட்டு ஸ்பேம்டியை ரீஸ்டார்ட் பண்ணலன்னா பழசுதான் ஓடும், இதைச் சொல்லத் தேவையில்லன்னு நெனைப்பேன், ஆனா வாரம் ஒருத்தர் வருவாரு. டெபியன் 12-க்கு அப்கிரேட் பண்ணவங்க, ஸ்பேம்டி அங்க தனி பேக்கேஜா பிரிஞ்சுடுச்சு, சர்வீஸ் பேரும் மாறிடுச்சு, அது ஓடுதான்னு பாருங்க. ரூல் அப்டேட்டே வரலன்னா வெர்ஷனைப் பாருங்க, 3.4.2-க்கு முந்தினதுக்கு 2020 மார்ச் 1-லேர்ந்து புது ரூல் வர்றது நின்னாச்சு, ரூல் ஃபைல் நிஜமானதான்னு பாக்குற பழைய ஷா-1 கையெழுத்தை விட்டுட்டாங்க. இதுக்கு டிக்கெட் போட்டு பிரயோஜனமே இல்ல, அப்கிரேட்தான்.

நீங்க அனுப்புற மெயில் ஜிமெயில்ல ஸ்பேமுக்குப் போகுதுன்னா நீங்க வந்த கவுன்டரே வேற. உங்க ஃபில்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, உங்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (முதல் ரெண்டும் ஃபெயிலானா என்ன பண்ணணும்னு சொல்றது) பாருங்க. 2024 பிப்ரவரிலேர்ந்து ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்களுக்கு மூணுமே கட்டாயம்.

சரி, இப்போ டிக்கெட்

நான் ஒரு டிக்கெட்டைப் பாத்து சந்தோஷப்பட்டது இப்படி ஒண்ணு: "செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து, எங்க டொமைன்ல எல்லா மெயில்பாக்ஸுக்கும், இன்வாய்ஸ் பேர்ல ஸ்பேம், 1.2-லேர்ந்து 1.8 வரைக்கும்தான் மார்க், எல்லாத்துலயும் யூஆர்ஐபிஎல் பிளாக்டு இருக்கு, பேயஸ் எதுலயும் இல்ல, திங்கள் ராத்திரி நீங்க சர்வர் மாத்துனதா மெயில் வந்துச்சு, மூணு சாம்பிள் இணைச்சிருக்கேன், ஒழுங்கா வந்த ஒரு நல்ல மெயிலும் ஒப்பிட்டுப் பாக்க இருக்கு." இவ்ளோதான், அரை மணி நேரத்துல முடிஞ்சது. எப்போலேர்ந்து, யாருக்கெல்லாம், என்ன மாறுச்சு, இது மூணும் இல்லாத டிக்கெட்டுக்கு முதல் பதில் எப்பவும் கேள்வியாத்தான் வரும். சாம்பிள் மூணு போதும், முன்னூறு வேண்டாம். இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள வந்ததா இருக்கட்டும், பிளாக்லிஸ்ட் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், போன மாசத்து மெயிலை இப்போ சோதிச்சா 15 மார்க் வாங்கும், "இங்க ஓகேவா இருக்கே"ன்னு மூடிடுவாங்க.

மறைக்கணும்னா உள்ள இருக்குற ஓடிபி, அக்கவுன்ட் நம்பர், கஸ்டமர் பேரு இதையெல்லாம் மறைங்க, எங்க மறைச்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. ரிசீவ்டு வரியில இருக்குற ஐபியையும் மெசேஜ் ஐடியையும் மட்டும் கை வைக்காதீங்க, லாக்ல உங்க மெயிலைத் தேட அவங்களுக்கு வேற வழியே கிடையாது.

கடைசியா, அந்த மூணு சாம்பிளையும் அப்படியே அட்டாச் பண்ணி சப்போர்ட்டுக்கு மெயில் போட்டீங்கன்னா அவங்க ஃபில்டர் அதை ஸ்பேம்னு புடிச்சுப் போட்டுடும், நீங்க ஒரு வாரம் பதிலுக்குக் காத்திருப்பீங்க. ஜிப் பண்ணி பாஸ்வேர்டு போட்டு, போர்ட்டல்லயே அப்லோட் பண்ணுங்க, பாஸ்வேர்டை டிக்கெட்ல எழுதுங்க. போர்ட்டல் இல்ல, மெயில்தான்னா முதல்ல அட்டாச்மென்ட் இல்லாம ஒண்ணு அனுப்பி டிக்கெட் நம்பர் வாங்கிட்டு அப்புறம் ஜிப்பை அனுப்புங்க, பாஸ்வேர்டு போட்ட ஜிப்பையே தடுக்குற இடமும் இருக்கு, அப்படி இருந்தா நம்பரைச் சொல்லி போன் பண்ணிடுங்க.